பத்திர வேலை

அன்புள்ள அம்மா,

நான் உங்கள் நெடுநாள் வாசகன். வயது 26. ஒரு கட்சியில் எங்கள் வார்டின் இளைஞரணிப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வும் எங்கள் கட்சிதான். வரும் கூட்டத்தொடரில் அவர் பேச வேண்டியவை என்று நண்பர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து 14 கோரிக்கைகளை எழுதினோம். பட்டியலை இணைத்திருக்கிறேன். நகரச் செயலாளரிடம் கொண்டுபோனபோது, "முதல்ல பூத் கமிட்டி லிஸ்டைக் குடு, அப்புறம் சட்டம் போடலாம்" என்று சிரித்தார். பெரியவர்களுக்கு பிளக்ஸில் யார் படம் எவ்வளவு பெரிது என்பதுதான் கவலை. 14-இல் எதை முதலில் வைக்கலாம்? எங்களைப் போல அடிமட்டத்தில் இருப்பவர்களால் சட்டமன்றத்தை அசைக்க முடியுமா? இதை முன்பே அனுப்பியிருப்பேன். அக்கா கல்யாணம், அதையொட்டிப் பத்திர வேலை என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது.

ச.

அன்புள்ள ச.,

பெயர், ஊர், கட்சி மூன்றையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தை இங்கே போட்டிருக்கிறேன். கட்சியைச் சொன்னால் பாதிப் பேர் படிக்காமலே சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

உங்கள் நகரச் செயலாளர் மேல் கோபம் வேண்டாம். பூத் கமிட்டிப் பட்டியல் கேட்பவர் தன் வேலையைச் செய்கிறார். ஒரு தெருவில் யார் இறந்தார், யார் வீடு மாறினார், கல்யாணமாகி வந்த எந்தப் பெண்ணின் பெயர் இன்னும் வாக்காளர் பட்டியலில் ஏறவில்லை என்று தெரிந்து வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். பிளக்ஸ் விஷயத்தையும் விடுங்கள். அவர்கள் உங்கள் வயதில் சுவரில் யார் பெயரை முதலில் எழுதுவது என்று அடித்துக்கொண்டவர்கள்.

இப்போது திட்டப்போகிறேன்.

உங்கள் ஆறாவது கோரிக்கை: "துணிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்களுக்கு இருக்கை தரச் சட்டம் கொண்டுவர வேண்டும்." தம்பி, அந்தச் சட்டம் 2021 செப்டம்பரிலேயே பேரவையில் வந்தாயிற்று. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லாக் கடைகளிலும் ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும், இடையில் ஓய்வு கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்கிறது அது. கேரளம் 2018-லேயே இதைச் செய்தது. அங்கேயும் யாரோ அமைச்சர் ஒருநாள் காலையில் கருணை பொங்கி எழுந்து செய்துவிடவில்லை. கோழிக்கோட்டில் கடையில் வேலை பார்த்த பெண்கள் வருடக்கணக்காகக் கத்தியதன் பலன் அது.

சரி, சட்டம் வந்தது தெரியாமல் இருப்பதுகூடப் பெரிய குற்றம் இல்லை. பத்துப் பேர் உட்கார்ந்து எழுதினோம் என்கிறீர்கள். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து நாலு கடை தள்ளி ஒரு துணிக்கடை இருந்திருக்குமே. உள்ளே போய் எத்தனை ஸ்டூல் கிடக்கிறது என்று எண்ணினீர்களா? அந்தப் பெண்களில் ஒருத்தியிடமாவது, "உட்கார விடுகிறார்களா, அக்கா?" என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால், வேண்டியது புதுச் சட்டம் இல்லை என்று அவளே சொல்லியிருப்பாள். ஸ்டூல் இருக்கிறது, மேலாளர் பார்வை பட்டால் எழுந்துவிட வேண்டியிருக்கிறது என்று சொல்லியிருப்பாள். அல்லது ஸ்டூலே இல்லை என்றிருப்பாள். அது ஆய்வுக்கு வர வேண்டிய தொழிலாளர் துறையின் சமாச்சாரம். மசோதாவுக்கு அங்கே வேலையில்லை.

பதினொன்றாவது இன்னும் மோசம். "கிராம சபை போல நகரத்து வார்டுகளிலும் மக்கள் சபை வேண்டும்." வார்டுப் பொறுப்பில் இருப்பவர் எழுதுகிற கோரிக்கையா இது? பகுதி சபை என்ற பெயரில் அதற்கு 2022-லேயே விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, முதல் கூட்டங்களும் நடந்துவிட்டன. உங்கள் வார்டில் நடந்ததா? நடந்திருந்தால் நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்? நடக்கவில்லை என்றால், கேட்க வேண்டிய கேள்வி உங்கள் கவுன்சிலரிடம் இருக்கிறது. அவரும் உங்கள் கட்சியாகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

அடிமட்டத்தில் இருப்பவர்களால் முடியுமா என்று கேட்டால், முடியும். 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைப் பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. ஆளும் கட்சியின் சொந்தத் தொழிற்சங்கமும் எதிர்த்தது. மூன்றாம் நாள் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வரே அறிவித்தார். மேலே இருப்பவர்களின் காதில் கீழே இருப்பவர்கள் முணுமுணுப்பது விழத்தான் செய்கிறது. இதற்கு மேல் இந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே உங்கள் கடைசி வரிக்காகத்தான். "பத்திர வேலை."

போன மாதம் அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தோம். கட்சி மாநாட்டு மலர்கள், ரசீதுப் புத்தகங்கள், யார் யாருக்கோ எழுதிய மனுக்களின் கார்பன் நகல்கள். இவற்றுக்கு நடுவே ஒரு விடுதலைப் பத்திரத்தின் நகலும் இருந்தது. அன்றிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் உங்கள் கடிதம் வந்தது.

அப்பா கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்று நீங்கள் ஊகிப்பது சரியாகவே இருக்கும், ஆனாலும் சொல்லமாட்டேன். அந்த வருடம் எல்லாக் கட்சிக்காரர் வீட்டிலும் இதே பத்திரம்தான் எழுதினார்கள். அப்பாவின் சட்டைப்பையில் மனு இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம், எரியாத தெருவிளக்கு என்று யார் வந்து நின்றாலும் எழுதிக் கொடுப்பார். காலையில் படிப்பகத்தில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பது அவர்தான். 1989-இல் பெண்களுக்குச் சொத்தில் சமபங்கு என்ற செய்தி வந்த அன்று அவர் குரல் தழுதழுத்ததை நான் கேட்டேன். எனக்குப் பதின்மூன்று வயது. செங்கல்பட்டில் 1929-இல் சுயமரியாதை மாநாட்டில் போட்ட தீர்மானம், அறுபது வருடம் கழித்துச் சட்டமாகிவிட்டது என்று எல்லோருக்கும் விளக்கினார். அன்று படிப்பகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அவர் செலவில் டீ.

ராத்திரி சோறு போடும்போது சின்ன அத்தை கேட்டாள்: "அப்போ எனக்கும் உண்டாண்ணா?"

அப்பா சிரித்தார். "உனக்கு இல்லாததா?" என்றார்.

அந்தச் சட்டத்தில் ஒரு கொக்கி இருந்தது. 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான பெண்களுக்குப் பங்கு இல்லை. (நம் ஆட்களுக்கு அந்தத் தேதி வேறொன்றுக்காகத்தான் ஞாபகம் இருக்கிறது. அன்றுதான் பட்ஜெட், பேரவைக்குள் ரகளை, ஜெயலலிதா வெளியேறியது எல்லாம். பெண்களின் பங்குக்கும் அன்றிலிருந்துதான் கணக்கு என்பது யாருக்கும் நினைவில்லை.) பெரிய அத்தைகள் இருவருக்கும் எப்போதோ கல்யாணமாகிவிட்டது. ஆகவே எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் தொட்டது ஒரே ஒருத்தியை. சின்ன அத்தையை.

மறுவருடம் ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் முடிவானது. பத்து நாள் முன்னால் அப்பா அவளைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். பத்திர எழுத்தர் உரக்க வாசித்தார். "எவருடைய தூண்டுதலுமின்றி, மனப்பூர்வமாக" என்று ஒரு வரி வந்தது. அத்தை எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். கையெழுத்தும் போட்டாள், பெருவிரல் ரேகையும் வைத்தாள். மையைத் துடைக்கத் துணி இல்லாமல் சுவரில் தேய்த்தாள். அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு அப்படி எத்தனையோ விரல்கள் தேய்த்த தடம். தன் பங்கைக் கைவிட்டு ஒரு பெண் எழுதிக் கொடுப்பதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர் வைத்தவன் யாரோ, பெரிய ரசனைக்காரன்.

அப்பா கெட்டவர் இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அடைக்க அவருக்கு ஆறு வருடம் ஆனது. "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் பங்கு கேட்டு வாசலில் நின்னா குடும்பம் உடைஞ்சிடும்" என்று அம்மாவிடம் சொன்னார். அதை அவர் உண்மையாகவே நம்பினார். மேடையில் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதையும் அவர் நிறுத்தவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று இடிப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடமாக அதுதான் எனக்குப் புரியவில்லை.

ஏனென்றால் இதே ஆட்கள்தான் வேறொரு காரியத்தில் வீட்டைப் பணயம் வைத்தவர்கள். சுயமரியாதைத் திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, மாலை மாற்றினால் போதும் என்று 1920-களின் கடைசியிலிருந்தே ஊர் ஊராகச் செய்தார்கள். 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். பெற்ற பிள்ளைக்கு வாரிசு உரிமை உண்டா என்பதே கேள்விக்குறி. அப்போதும் அவர்கள் நிறுத்தவில்லை. தன் மகளுக்கு, தன் தங்கைக்கு, அப்படித்தான் செய்துவைத்தார்கள். 1967-இல் அண்ணா முதல்வரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்று ஆக்கினார். வீடுகள் முன்னால் போய்விட்டன, கோட்டை பின்னால் ஓடி வந்து பிடித்துக்கொண்டது.

சொத்து விஷயத்திலும் அதே இயக்கம்தான் தீர்மானம் போட்டது. தங்கைக்குப் பங்கெழுதிக் கொடுக்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை. மனமிருந்தால் 1930-லேயே எழுதியிருக்கலாம். எழுதியவர்கள் எங்காவது இருந்திருப்பார்கள். எங்கள் தாலுகாவில் ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. தாலி இல்லாமல் கல்யாணம் செய்யத் துணிந்தவர்களுக்கு அரை ஏக்கரை விட்டுக்கொடுக்கக் கை வரவில்லை. கடைசியில் கோட்டையே முன்னால் வந்து சட்டத்தைக் கையில் கொடுத்தபோது, அதைச் செல்லாக்காசாக்கப் பதிவு அலுவலக வாசலில் வரிசையில் நின்றதும் கிளைச் செயலாளர்கள்தான். 2005-இல் மத்தியச் சட்டம் அந்தக் கல்யாணக் கொக்கியையும் எடுத்துவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. எங்கள் வீட்டுப் பாகப்பத்திரம் 1991-லேயே பதிவாகிவிட்டது. அப்பா எந்த வேலையையும் தள்ளிப்போடாதவர்.

பெட்டியை ஒழித்த அன்று அத்தைக்குப் போன் செய்து, "ஏன் போட்டே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அண்ணன் பேனாவை எடுத்துக் குடுத்தாரு" என்றாள். அப்புறம் என் பெண்ணுக்கு ஜுரம் விட்டதா என்று விசாரித்தாள்.

உங்கள் பட்டியலை மறந்துவிட்டேன், பாருங்கள். எதை முதலில் வைப்பது என்றுதானே கேட்டீர்கள்? ஒன்பதாவது, பேருந்து நிலையக் கழிப்பறை, அதற்கு நகராட்சி ஆணையரே போதும். கோட்டை வரை போக வேண்டாம். ஆறையும் பதினொன்றையும் அடித்துவிடுங்கள். கடைத்தெருவில் ஒரு வாரம் நடந்து, எத்தனை கடையில் இருக்கை இருக்கிறது, எத்தனையில் இல்லை என்று கணக்கெடுங்கள். அதை உங்கள் எம்.எல்.ஏ.விடம் கொடுத்து, இந்தச் சட்டத்தின்கீழ் நம் மாவட்டத்தில் இதுவரை எத்தனை ஆய்வு நடந்தது என்று வினா நேரத்துக்கு ஒரு கேள்வி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அமைச்சர் எழுந்து, "ஆவன செய்யப்படும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது அவையில் கொடுத்த உறுதிமொழி. அதைத் துரத்துவதற்கென்றே பேரவையில் உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் போடும். தொழிலாளர் துறையுடையதைத் தேடிப் படியுங்கள். சுவாரஸ்யமாக இருக்காது. பாக்கிப் பதினொன்றையும் நான் சரியாகப் படிக்கவில்லை, மன்னியுங்கள்.

அக்காவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அது என்ன பத்திரம் என்று நீங்கள் எழுதவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெயரில் ஏதோ வீட்டு மனை வாங்கியதாகவும் இருக்கலாம், நான்தான் வீணாகக் கற்பனை செய்கிறேன் என்றும் இருக்கலாம். அப்படியென்றால் இந்தக் கிழவியைத் திட்டி ஒரு வரி போடுங்கள். இல்லை, நான் நினைக்கிற பத்திரம்தான் என்றால், பேனாவை எடுத்துக் கொடுத்தது யார் என்று மட்டும் எழுதுங்கள்.