பாண் விலையும் சிப்பாயின் துவக்கும்

மதிப்பிற்குரிய ஐயா,

யாழ்ப்பாணத்தின் தென்மராட்சியில் உள்ள பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு வரலாறு கற்பித்து வருகிறேன். பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை அரசியல், பொருளாதாரம், சமூகம் என்று பிரித்து, கடைசியில் உடனடிக் காரணம் ஒன்றையும் சேர்த்து எழுதுவதே நான் படித்த முறை. அதையே கற்பித்தும் வருகிறேன். சென்ற தவணையில் மாணவி ஒருத்தி எழுந்து, "உந்தக் காரணம் எல்லாம் இருபது வருசத்துக்கு முன்னமும் இருந்ததுதானே ரீச்சர், பிறகேன் அந்தச் சனம் 1789 மட்டும் பொறுத்திருந்தது?" என்று கேட்டாள். அத்துடன் விடவில்லை. "தொண்ணூறுகளில அம்மாக்கள் ஜாம் போத்தல் விளக்கில படிச்சவை, அப்ப ஒண்டும் நடக்கேல்லை, 2022இல கொஞ்ச மாசம் பெற்றோலுக்கு வரிசையில நிண்ட உடன சனாதிபதியைக் கலைச்சுப்போட்டினம், அது எப்பிடி?" என்றாள். பிறகு சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். புரட்சிகளை விளக்கும் கோட்பாடுகளில் இதற்கு விடை உண்டா? 2022இல் நடந்ததைப் புரட்சி என்று அழைக்கலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் மாணவி கேட்டிருப்பது, இந்தத் துறையின் அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாகத் தமக்குள் பிணங்கிக்கொண்டிருக்கும் கேள்வி. நாம் கரும்பலகையில் எழுதும் பட்டியல் மக்களின் அதிருப்திக்கான காரணங்களைத் தருகிறது. ஆட்சி விழுந்ததற்கான காரணங்களை அது தருவதில்லை. அதிருப்தி எந்த நாட்டில், எந்தக் காலத்தில் இல்லாமல் இருந்தது?

பிரான்சிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது, ஆனால் நமது பாடக் குறிப்புகளில் அதை நான் கண்டதில்லை. 1775ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், தானிய வணிகத்தின் மீதிருந்த கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டதும் அறுவடை பொய்த்ததும் சேர்ந்து பாண் விலையை ஏற்றிவிட, பாரிஸிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் மக்கள் சந்தைகளையும் பாண் கடைகளையும் சூறையாடினார்கள். 'மாவுப் போர்' என்று அதற்குப் பெயர். அரியணையில் இருந்தவர் அதே பதினாறாம் லூயி. ஏறியிருந்ததும் அதே பாணின் விலை. படை இறக்கப்பட்டது, படை கீழ்ப்படிந்தது, சில வாரங்களில் எல்லாம் அடங்கிப் போயிற்று. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1788இன் ஆலங்கட்டி மழையும் மோசமான விளைச்சலும் பாண் விலையை மீண்டும் உச்சத்துக்குக் கொண்டுபோனபோது, பாரிஸைக் காக்க வேண்டிய பிரெஞ்சுக் காவற்படையின் சிப்பாய்களே சனத்தோடு சேர்ந்துகொண்டு பஸ்தீல் சிறைக்கோட்டையை நோக்கிப் பீரங்கிகளை இழுத்து வந்தார்கள். பாண் விலை இரண்டு முறையும் ஏறியது. நாம் விளக்க வேண்டியது, இடைப்பட்ட காலத்தில் அரசுக்கு என்ன நேர்ந்தது என்பதையே.

அரசுக்கு நேர்ந்தது கடன். அமெரிக்கச் சுதந்திரப் போருக்குக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. 1788இல் அரச செலவில் ஏறத்தாழப் பாதி கடனைத் தீர்ப்பதற்கே போய்விட்டது. பிரபுக்களிடமும் வரி அறவிட வேண்டும் என்று 1787இல் அவர்களது அவையைக் கூட்டிக் கேட்டபோது அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1788 ஆகஸ்டில் திறைசேரி கொடுப்பனவுகளை நிறுத்தியது. வேறு வழியின்றி, குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பினரின் பிரதிநிதிகளைக் கொண்ட, 1614க்குப் பிறகு ஒருமுறைகூடக் கூட்டப்படாத பொது மன்றத்தை மன்னர் 1789 மே மாதம் கூட்டினார். மன்னரின் கையை முதலில் முறுக்கியவர்கள் பிரபுக்கள். பசித்த சனம் பின்னால்தான் வந்தது. அந்தப் பிள்ளை கேட்ட '1789 மட்டும்' என்பதற்கான விடையின் பெரும் பகுதி இங்கே இருக்கிறது.

இந்தக் கோணத்தை முறையான கோட்பாடாக்கியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் தீடா ஸ்கொக்போல். பிரான்ஸ், ரஷ்யா, சீனா ஆகிய மூன்று நாடுகளையும் ஒப்பிட்டு 1979இல் அவர் வெளியிட்ட ஆய்வு, புரட்சியைப் புரட்சியாளர்கள் உண்டாக்குவதில்லை என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. வெளிநாட்டுப் போட்டியாலும் போராலும் நொடித்துப்போன அரசு தன் மேட்டுக்குடியோடு பிணங்கி உள்ளே முறிகிறது. அந்த முறிவு விட்ட வழியால்தான் குடியானவர் எழுச்சி நுழைகிறது. அவருக்கு முன் எழுதியவர்கள் பெரும்பாலும் மக்களின் மனத்தைப் பார்த்தார்கள். பிரெஞ்சுச் சிந்தனையாளர் தொக்வில் 1856இலேயே, துன்பம் மிக அதிகமாக இருந்த பகுதிகளைவிட நிலைமை சீரடைந்து வந்த பகுதிகளே புரட்சியின் கோட்டைகளாயின என்றும், கெட்ட ஆட்சிக்கு மிக ஆபத்தான வேளை அது தன்னைத் திருத்தத் தொடங்கும் வேளையே என்றும் கண்டார். ஜேம்ஸ் டேவிஸ் 1962இலும் டெட் கர் 1970இலும் இதை நீட்டி, எதிர்பார்ப்புக்கும் கிடைப்பதற்கும் இடையே விரியும் இடைவெளியே கலகத்தின் ஊற்று என்றார்கள். அது பிழையென்று சொல்லமாட்டேன். 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) கிளர்ச்சியில் இலங்கையின் தெற்கில் பொலிஸ் நிலையங்களைத் தாக்கிய, படித்தும் வேலையற்ற சிங்கள இளைஞர்களுக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கிளர்ச்சி ஏன் சில வாரங்களில் நசுக்கப்பட்டது என்பதற்கு இந்தக் கோட்பாட்டில் ஒரு வரியும் இல்லை. முந்திய ஆண்டுதான் மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு வந்திருந்த அரசு அது. அதன் படை உடையவில்லை, வெளிநாடுகளும் உதவிக்கு வந்தன. கலகம் ஏன் பிறக்கிறது என்பது ஒரு கேள்வி, ஆட்சி ஏன் விழுகிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கியதே நமது பாடக் குறிப்புகளின் குறை.

ரஷ்யாவை எடுத்துக்கொண்டால் இது இன்னும் துலக்கமாகும். 1905இல் அங்கு இல்லாத காரணம் எது? ஜப்பானிடம் தோல்வி, மனுக் கொடுக்க வந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு, கடற்படைக் கலகம், நாடு தழுவிய வேலைநிறுத்தம், கிராமங்களில் பண்ணைகளுக்குத் தீ என எல்லாம் இருந்தன. சார் மன்னர் பிழைத்தார். ஜப்பானுடனான போர் முடிந்துவிட்டதால் படை ஓய்ந்திருந்தது. டிசம்பரில் மொஸ்கோ எழுச்சியை அடக்க அனுப்பப்பட்ட செம்யோனொவ்ஸ்கி படையணி சொன்னதைச் செய்து முடித்தது. 1917இல் படையின் பெரும்பகுதி போர்முனையில் இருந்தது. தலைநகர் பெத்ரோகிராட்டில் எஞ்சியிருந்தவர்கள், முனைக்குப் போகும் நாளை எண்ணி அஞ்சிக்கொண்டிருந்த புதுச் சிப்பாய்கள். பழைய நாட்காட்டியின்படி பெப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை, வொலின்ஸ்கி படையணியின் ஒரு பிரிவு ஊர்வலத்தின் மீது சுட்டுப் பலரைக் கொன்றது. அன்றிரவு படைவீட்டில் அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை, மறுபடியும் வீதிக்கு அழைத்துச் செல்ல வந்த அதிகாரியைக் கொன்றுவிட்டுத் துவக்குகளோடு சனத்தின் பக்கம் போனார்கள். மாலைக்குள் ஏனைய படையணிகளும் தொடர்ந்தன. அந்த வாரம் முடிவதற்குள் முந்நூறு ஆண்டு வம்சம் முடிந்தது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நான் அந்த ஞாயிறு இரவிலேயே நின்றுவிடுகிறேன். எந்தக் கோட்பாட்டால் அந்தப் படைவீட்டுக்குள் நுழைய முடியும்? புரட்சியையே தொழிலாகக் கொண்டிருந்த லெனின், அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சூரிச்சில் இளைஞர்களிடம், வரப்போகும் புரட்சியின் தீர்க்கமான சமர்களைக் காணத் தம் போன்ற மூத்தவர்கள் உயிரோடு இருக்கமாட்டார்கள் போலும் என்று பேசியிருந்தார்.

ஸ்கொக்போலின் கோட்பாடும் உடனேயே சோதனைக்கு உள்ளாகியது. அவரது ஆய்வு வெளியான அதே 1979இல் ஈரானில் ஷாவின் ஆட்சி வீழ்ந்தது. அந்த அரசு எந்தப் போரிலும் தோற்கவில்லை. எண்ணெய்ப் பணம் வந்துகொண்டிருந்தது. பெரும் படை இருந்தது. அப்படை பெப்ரவரி 11ஆம் திகதி தான் நடுநிலை வகிப்பதாக அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. தம் விளக்கம் இங்கு போதவில்லை என்று ஸ்கொக்போலே பின்னர் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவர் மீது எனக்கு மதிப்பு.

விடுபட்ட துண்டைத் தந்தவர் திமூர் குரான் என்ற பொருளியலாளர். அடக்குமுறை ஆட்சியில் ஒவ்வொருவரும் உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைச் சொல்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்பது ஒருவருக்கும் தெரியாது. நூறு பேர் வீதிக்கு வந்தால்தான் நான் வருவேன் என்பவர் ஒருவர், பத்தாயிரம் பேர் வரட்டும் என்பவர் இன்னொருவர். முதல் சிலர் இறங்கிவிட்டால் அடுத்தவர்களும் தொடர்ந்து இறங்குவார்கள். 1989 ஒக்டோபர் 9ஆம் திகதி கிழக்கு ஜேர்மனியின் லைப்சிக் நகரில் ஏறத்தாழ 70,000 பேர் கூடினார்கள். ஆயுதப் படை தயார் நிலையில் இருந்தும் சுடவில்லை. ஒரு மாதத்தில் பேர்லின் மதில் திறந்தது. அதே ஆண்டு ஜூனில் பெய்ஜிங்கில் படை சுட்டது. அங்கே ஆட்சி இன்றும் இருக்கிறது.

இனி உங்கள் மாணவியின் இரண்டாவது கேள்வி. தொண்ணூறுகளில் நானும் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன்தான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவன். அந்த ஆண்டுகளில் இங்கே இருந்தது போர். சம்பளத்தைக் கொழும்பின் பெயரால் கச்சேரி, அதாவது மாவட்ட அரச செயலகம், கொடுத்தது. வழக்கை விடுதலைப் புலிகள் இயக்கத்தின் நீதிமன்றம் விசாரித்தது. ஒரே மண்ணில் இரண்டு அதிகாரங்கள் ஆட்சி உரிமை கோரும் நிலையைத்தான் சமூகவியலாளர் சார்ள்ஸ் டில்லி புரட்சிச் சூழ்நிலையின் இலக்கணம் என்று 1978இல் எழுதினார். நாங்கள் அதை வரையறையாகப் படிப்பதற்கு முன்பே அதற்குள் வாழ்ந்துவிட்டோம். இரண்டு துவக்குகளுக்கு நடுவே இருந்த சனம் மண்ணெண்ணெய்க்காக யாரை எதிர்த்து எழுவது?

2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வடக்கின் மீனவர் வள்ளங்களும் கரையிலேயே கிடந்தன. இங்கும் கவனயீர்ப்புப் போராட்டங்கள் நடந்தன. ஆனால் கொழும்பில் சனம் கூடாரமிட்டுப் போராடிய காலிமுகத்திடல் போல ஒன்று இங்கு உருவாகவில்லை. அக்கறையின்மை என்று தெற்கில் சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிப்பாய் சுடுவானா என்ற ஒரே கேள்விக்குக் கொழும்பில் நின்ற இளைஞனும் யாழ்ப்பாணத்தில் நின்ற இளைஞனும் தத்தம் அனுபவத்திலிருந்து வெவ்வேறு விடைகளை வைத்திருந்தார்கள். குரான் சொல்லும் கணக்குத்தான் இதுவும். தொடக்க எண் மட்டும் இங்கே வேறு.

அது புரட்சியா என்றால், ஸ்கொக்போலின் அளவுகோலில் அரசின் அமைப்பும் வர்க்க அமைப்பும் விரைவாக, அடியோடு மாற வேண்டும், அது நடக்கவில்லை. ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதுவரை கதை பிரான்சைப் போலவே நகர்ந்தது. ஜூலை 9இல் சனாதிபதி மாளிகை சனத்தின் கைக்கு வந்தது. 20ஆம் திகதி பழைய பாராளுமன்றமே 134 வாக்குகளால் புதிய சனாதிபதியைத் தெரிவுசெய்தது. 22ஆம் திகதி அதிகாலை, இரு வாரங்களுக்கு முன் வழிவிட்ட அதே அரசின் படைகள் வந்து கூடாரங்களைப் பிடுங்கின. ஓர் ஆட்சியாளர் வெளியேற்றப்பட்டார் என்பதற்கு மேல் அதற்குப் பெயர் சூட்ட நான் தயங்குவேன். இரண்டு முறை ஆயுதத்தால் முயன்று தோற்ற அதே மக்கள் விடுதலை முன்னணியைச் சேர்ந்த ஒருவர் 2024இல் வாக்குச்சீட்டால் சனாதிபதியானதும், அவரது அணி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலேயே ஆறில் மூன்று ஆசனங்களைப் பெற்றதும் இதன் தொடர்ச்சியா என்பது தனியே எழுத வேண்டிய விடயம்.

பட்டியலைக் கைவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். புள்ளித்திட்டம் அதைத்தான் கேட்கிறது. ஒரு பாடவேளை மட்டும் கிடைத்தால், கரும்பலகையின் ஒரு பக்கத்தில் 1775 என்றும் மறுபக்கத்தில் 1789 என்றும் எழுதி, இரண்டுக்கும் பொதுவாக இருந்தவற்றை அந்த மாணவியையே வந்து அழிக்கச் சொல்லுங்கள். எஞ்சுவதை எனக்கு எழுதி அனுப்பினால் மகிழ்வேன்.

அன்புடன்.