மார்கழிக் குளத்தில் தக்கை அசையாதது ஏன்?

கேள்வி: ஞாயிறுதோறும் காலை 6 மணிக்கே பாளையங்கோட்டைப் பக்கத்துக் குளம் ஒன்றில் தூண்டில் போடுகிறேன். புரட்டாசி வரை சிலேபி (திலாப்பியா மீன்) நன்றாக ஏறிய அதே இடத்தில், மார்கழி பிறந்ததிலிருந்து 9 மணி வரை உட்கார்ந்தாலும் தக்கை (மிதவை) அசைவதில்லை. எப்போதாவது லேசாகத் துடிக்கும். இழுத்துப் பார்த்தால் தூண்டில் முள்ளில் மாவு இருக்காது. 10 அடி மூங்கில் கம்பு, மைதா மாவு. தப்பு எங்கே?

பதில்: இடத்தை மாற்றும் முன் நேரத்தை மாற்றுங்கள். கோடைப் பழக்கத்தில் விடியும் முன் போய் உட்கார்ந்துவிட்டு, மீன் இரை எடுக்கத் தொடங்கும் நேரத்தில் கம்பைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள்.

மீனுக்கென்று தனிச் சூடு கிடையாது. தண்ணீர் எப்படியோ உடம்பும் அப்படியே. சிலேபி வெதுவெதுப்பான தண்ணீரில் பசியெடுக்கும் மீன். 25 டிகிரிக்கு மேல் மும்முரமாக மேயும். 20 டிகிரியை நெருங்க நெருங்க மந்தமாகும். பனி இறங்கும் இரவில் முதலில் குளிர்வது கரையோரத்து முழங்கால் ஆழத் தண்ணீர். நீங்கள் தூண்டில் போடும் இடமும் அதுதான். அமலைச் செடியும் (ஆகாயத்தாமரை) பாசியும் மண்டிய குளத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இரவு முழுக்கச் செடிகளும் மூச்சு விடுவதால், தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் விடியற்காலையில்தான் மிகவும் குறைந்திருக்கும். முந்தின நாள் மேகமூட்டமாக இருந்தால் இன்னும் மோசம். மேலே வந்து காற்றைக் குடிக்கிற விராலுக்கு இது பொருட்டில்லை. சிலேபிக்கும் கெண்டைக்கும் பொருட்டு.

ஆகவே நன்றாக வெயில் ஏறி, 10 மணியிலிருந்து 1 மணி வரை. பிறகு மூன்றரையிலிருந்து பொழுது அடையும் வரை. வாடை வடகிழக்கிலிருந்து வீசுவதால், மேலாக வெதுவெதுத்த தண்ணீரை அது தென்மேற்குக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். காற்று முகத்தில் அடிக்கும். உட்காரச் சுகமாக இருக்காது. ஆனாலும் மதியத்துக்கு மேல் அந்தக் கரைதான் நல்லது. இரவு மழை பெய்து குளம் செம்மண் கலங்கலாகக் கிடந்தால் போக வேண்டாம். இரண்டு மூன்று நாளில் தெளியத் தொடங்கும்போது போகலாம்.

குளம் பெருகிக் கிடக்கும்போது வாய்க்கால் வந்து விழும் இடத்தைப் பாருங்கள். ஓட்டத்தோடு புழு பூச்சி வரும், மீனும் எதிர்த்து நிற்கும். பிசான நெற்பயிருக்கு மடை திறந்து மட்டம் தினமும் இறங்குகிற நாட்களில் மீன் கரையை விட்டு விலகிப் பள்ளம் தேடும். மடைக்கு மேலேயே உட்காராதீர்கள், அந்த இழுப்பு ஆளையும் இழுக்கும். குளம் நிரம்பி மறுகால் பாயும்போது, உபரி நீர் வழியும் கலுங்கில் இறங்கவும் கூடாது.

அடுத்தது ஆழம். குளிரில் மீன் தரையை ஒட்டியே நிற்கும். இரை ஒரு சாண் மேலே தொங்கினாலும் ஏறி வராது. முள்ளில் ஒரு கனத்த ஈயத்தை மாட்டிப் போட்டுப் பாருங்கள். தக்கை முங்கினால் ஆழம் அதிகம், தக்கையை மேலே தள்ளுங்கள். தக்கை படுத்தால் நரம்பு (தூண்டில் நூல்) நீளம், கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தெரிய நின்றால் அளவு சரி. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் கரை உடைந்த குளங்களில் பழைய பள்ளம் பழைய இடத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் அளந்தே போடுங்கள்.

இனி, மாவு காணாமல் போகும் விஷயம். உருண்டை பெரிது, முள் பெரிது, தக்கை கனம். இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும், பெரும்பாலும் மூன்றுமே. மந்தமான மீன் இரையை விழுங்காது, உதட்டால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு விடும். செருப்பு ரப்பரில் வெட்டிய தக்கை அந்த உறிஞ்சலுக்கு அசையவே அசையாது. சோளத்தட்டை நெட்டியில் பென்சில் பருமனுக்குத் தக்கை செய்து, விரல்நுனி அளவு மட்டும் வெளியே தெரியும்படி ஈயம் சேருங்கள். நரம்பு 0.18 அல்லது 0.20 மி.மீ. போதும். முள், சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலத்துக்கு மேல் வேண்டாம். ஈயத்தை மொத்தமாக ஒரே இடத்தில் கடிக்க வைக்காமல், பெரிய பங்கை நடுவிலும், மிளகு அளவில் ஒன்றை முள்ளிலிருந்து நாலு விரற்கடை மேலேயும் வையுங்கள். தக்கை முங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மீன் அந்தச் சின்ன ஈயத்தைத் தூக்கினால் தக்கை உயரும் அல்லது சாயும். அப்போதே மணிக்கட்டால் சுண்டுங்கள். கம்பையே தோளுக்கு மேல் வீசி இழுத்தால் மெல்லிய நரம்பு அறுந்துபோகும்.

குளிர் மாதங்களில் மைதாவை விட மண்புழு மேல். முழுப் புழு வேண்டாம், ஒரு செ.மீ. துண்டு, முள் நுனிக்கு வெளியே வால் அரை செ.மீ. தொங்கினால் போதும். நீளமாகத் தொங்கவிட்டால் பொடிக்கெண்டைகள் வாலைக் கொறித்துவிட்டுப் போய்விடும். மாவுதான் என்றால் 100 கிராம் மைதாவுக்கு 50 கிராம் கடலைப் புண்ணாக்குப் பொடி சேர்த்து, சப்பாத்தி மாவை விடச் சற்றுத் தளர்வாகப் பிசைந்து, கூடவே கொஞ்சம் பஞ்சு பிய்த்துப் போட்டால் முள்ளில் நிற்கும். ஓர் உருண்டை துவரம்பருப்பு அளவு.

மீனைக் கூட்டத் தவிடும் புண்ணாக்கும் பிசைந்து தீனி போடுகிறவர்கள் இந்த மாதங்களில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை. பிறகு 20 நிமிடத்துக்கு ஒரு நெல்லிக்காய் அளவு. செரிமானம் மெதுவாக நடக்கும் காலத்தில் தீனியாலேயே வயிற்றை நிரப்பிவிட்டால் முள்ளில் இருப்பதை எது தின்னும்?

தரையில் இரை போடும்போது கெளுத்தியும் ஏறும். முதுகில் ஒன்று, இரு பக்கத் துடுப்பிலும் ஒவ்வொன்று என மூன்று முள். ஈரத்துணியால் தலைக்குப் பின்னால் பிடியுங்கள். குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் அரைமணி நேரம் கையை வைத்தால் கடுப்பு குறையும். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே காவல் நிற்கும் விராலை மட்டும் விட்டுவிடுங்கள். அது போனால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை.

கிளம்பும் முன் ஊரில் ஒரு வார்த்தை கேளுங்கள். பல குளங்களில் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் போயிருக்கும். குத்தகைக்காரர் சம்மதம் இல்லாமல் ஒற்றைத் தூண்டில் போட்டாலும் சண்டைதான். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டிலோடு போகவே கூடாது. மற்றக் குளங்களிலும் நீர்க்காகமும் கொக்கும் கூடும் காலம் இது. அறுந்த நரம்பு ஒரு முழம் கிடந்தாலும் காலில் சுற்றிக்கொள்ளும், பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.