ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், படபடப்பு மட்டும் போகவில்லை

கேள்வி: ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் நார்மல் என்கிறார்கள். ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது. நடுநடுவே ஒரு துடிப்பு தப்பியது போல இருக்கிறது. பிபி 150/95 வரை போகிறது. காரணம் தெரியவில்லை என்கிறார் டாக்டர். மாத்திரை ஆரம்பித்தால் காலத்துக்கும் விட முடியாதா? இப்படி இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்: நானும் உங்கள் கட்சிதான். திருச்சியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன், வயது ஐம்பதை நெருங்குகிறது. டாக்டர் இல்லை. பட்டதையும், பட்டபோது கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் பிபி, படபடப்பு என்று இரண்டு விஷயம் பின்னிக் கிடக்கிறது. இரண்டையும் பிரித்துவிட்டாலே பாதி பயம் குறையும். பிபி உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. பரம்பரை, வயது, உப்பு, எடை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. காரணம் தெரியாமலே அதற்கு வைத்தியம் பார்க்கலாம், பார்த்தாக வேண்டும். அதனால் ‘காரணம் தெரியவில்லை’ என்று உங்கள் டாக்டர் சொன்னதைக் கைவிரித்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படபடப்பு வேறு மாதிரி. அதை வரும்போதே பிடித்தாக வேண்டும்.

ஈசிஜி என்பது பத்து வினாடிப் பதிவு. அந்தப் பத்து வினாடியில் இதயம் ஒழுங்காக அடித்தால் தாளிலும் ஒழுங்காகத்தான் விழும். ராத்திரி இடப்பக்கம் திரும்பிப் படுத்ததும் ஒரு கணம் நின்று, அப்புறம் தொண்டைவரை ஒரு முட்டு முட்டுகிறதே, அது மறுநாள் காலை லேபுக்கு வந்து ஆஜராகுமா என்ன? நான் போன இடமெல்லாம் ‘டென்ஷனைக் குறைங்கம்மா, இந்த வயசுல வர்றதுதான்’ என்று அனுப்பி வைத்தார்கள். பெண் என்றால் இந்த வசனம் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுகிறது. கடைசியாகப் பார்த்த டாக்டரம்மாதான் ஹோல்டர், அதாவது நாள் முழுக்க ஈசிஜி பதிவு செய்யும் கருவி, போட்டுப் பார்ப்போம் என்றார்.

நெஞ்சில் ஸ்டிக்கர்கள், அவற்றிலிருந்து வயர்கள், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. ஒரு நாள் முழுக்க அதோடுதான் இருக்க வேண்டும், குளிக்கக் கூடாது. போர்டில் எழுதக் கையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு ஸ்டிக்கர் உரிந்து வந்தது. நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் 1940களில் செய்த முதல் கருவி முதுகில் சுமக்கிற 38 கிலோ மூட்டையாம், அதனால் நான் முணுமுணுக்கவில்லை. பெட்டியோடு ஒரு தாளும் கொடுப்பார்கள்: எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, என்ன தோன்றியது என்று எழுத. என்னைக் கேட்டால் பெட்டியைவிட அந்தத் தாள்தான் முக்கியம். எழுதாமல் திருப்பிக் கொடுத்தால் பதிவில் இருப்பதையும் நமக்குத் தோன்றியதையும் பொருத்திப் பார்க்க வழியில்லை.

பொருத்திப் பார்த்ததில் பாதிக்கு விடை கிடைத்தது. துடிப்பு தப்புவது போலத் தோன்றிய நேரங்களில் எக்டோபிக் துடிப்புகள் இருந்தன. அதாவது ஒரு துடிப்பு முறை வருவதற்கு முன்பே முந்திக்கொண்டு வந்துவிடும். அதனால் அடுத்தது கொஞ்சம் தாமதமாகும். அந்த இடைவெளியில் இதயத்தில் கூடுதலாக ரத்தம் நிரம்பி, அடுத்த அடி பலமாக விழும். நமக்குத் தெரிவது அந்தப் பலமான அடிதான். நல்ல இதயத்திலும் இது வருமாம். ஆனால் ‘மாடிப்படி ஏறும்போது நெஞ்சு அழுத்தம்’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் பதிவில் ஒன்றுமே இல்லை. பெரிய குழாய்களில் அடைப்பு இல்லாவிட்டாலும் இதயத்தின் நுண்குழாய்கள் சரியாக விரியாமல் இப்படி வரலாம், பெண்களிடம் அதிகம், சாதாரண ஆஞ்சியோவில் அது தெரியாது என்றார் டாக்டரம்மா. எனக்கு அதுதானா என்று இன்றுவரை முடிவாகவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், தைராய்டு, பொட்டாசியம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ரத்தசோகையும் தைராய்டும் படபடப்புக்குப் பழைய குற்றவாளிகள். அப்புறம், வாயில் போடுவது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் பிபியை ஏற்றும். மூக்கடைப்புக்குப் போடும் சளி மாத்திரைகள் சிலவும் ஏற்றும். எங்கள் பள்ளிப் பாட்டு டீச்சருக்கு பிபி, கால் சதைப் பிடிப்பு, பொட்டாசியமும் குறைவு. தொண்டைக்கு நல்லது என்று எந்நேரமும் அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டிருப்பார். அதிலுள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பைத் தங்க வைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். நிறுத்தச் சொன்னார்கள், சில வாரங்களில் பிபி இறங்கிவிட்டது. நாட்டு மருந்துதானே என்று யாரும் அதை டாக்டரிடம் சொல்வதே இல்லை. எனக்கு அப்படி நிறுத்துவதற்கு ஒன்றும் அகப்படவில்லை என்பதில் இன்னமும் கொஞ்சம் பொறாமை உண்டு.

சத்தமாகக் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி வழிகிறவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது பிபிக்கு ஒரு காரணம். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் ஒன்றாகக் கிளம்பி வந்து தானே அடங்கினால் கட்டாயம் சொல்ல வேண்டும். அட்ரினல் சுரப்பியில் வரும் அரிதான ஒரு கட்டி அப்படிச் செய்யும். முப்பது வயதுக்குள் பிபி வந்தாலோ, மூன்று மருந்துக்கும் அடங்காவிட்டாலோ அந்தச் சுரப்பியையும் சிறுநீரக ரத்தக் குழாயையும் பார்ப்பார்கள். எல்லாருக்கும் அது தேவைப்படாது.

இப்போது உங்கள் 150/95. அது எப்படி எடுத்தது? பல இடங்களில் நாம் படியேறிப் போய் உட்கார்ந்த கையோடு, ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, அது இறுகிக்கொண்டிருக்கும்போதே ‘பேரு என்னம்மா, வயசு என்னம்மா’ என்று கேட்பார்கள். பேசினாலே அளவு ஏறும். பட்டை சின்னதாக இருந்தாலும் ஏறும். மேல் கையில் கட்டுகிற கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மணிக்கட்டு வகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேஜைமேல் இதய உயரத்தில் இருக்கட்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். டாக்டரிடம் போவதற்கு முந்தைய வாரம் காலையும் மாலையும் இப்படி எடுத்தால் போதும். வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தாண்டினால் அது பிபிதான், ஆஸ்பத்திரி பயம் என்று ஒதுக்க முடியாது.

படபடப்பு வரும்போதெல்லாம் கருவியைத் தூக்காதீர்கள். பயத்தில் ஏறிய அளவைப் பார்த்து இன்னும் பயந்து, மறுபடி எடுத்து, அது இன்னும் ஏறி... ராத்திரி முழுக்க ஓடும் இது. அந்த நேரத்தில் நான் மணிக்கட்டில் நாடி பார்த்து, வேகம் எவ்வளவு, ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் குறித்துக்கொள்வேன். டாக்டருக்கும் அதுதான் உதவியது. ஆனால் படபடப்போடு மயக்கம் வந்தாலோ, நெஞ்சு அழுத்தம் நிற்காமல் தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ குறிப்பெல்லாம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். முந்தைய ரிப்போர்ட் நார்மல் என்பது அன்றைக்குச் செல்லாது.

உப்பைப் பற்றி உங்களுக்கே தெரியும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, அது ஒரு டீஸ்பூன். எங்கள் வீட்டில் குழம்பைக் குறைத்ததைவிட அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாயை மேஜையிலிருந்து எடுத்ததுதான் பிபி அளவில் தெரிந்தது.

மாத்திரை காலத்துக்குமா என்றால், பெரும்பாலும் ஆமாம். எடையும் உப்பும் குறைந்து, அளவுகள் மாதக்கணக்கில் இறங்கியே இருந்தால் டாக்டர் டோஸைக் குறைக்கலாம். ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறொன்று இருக்கிறது. முதலில் போட்ட அம்லோடிபினில் எனக்குக் கணுக்கால் வீங்கிக் கொலுசு பதிந்துபோனது. டெல்மிசார்ட்டனுக்கு மாற்றினார்கள், சரியாகிவிட்டது. எக்டோபிக்குக்காகக் குறைந்த அளவில், துடிப்பைத் தணிக்கும் மெட்டோபுரோலாலும் போடுகிறேன். முட்டுவது நிற்கவில்லை, ஆனால் ராத்திரி தூங்க முடிகிறது. குறிப்பாக இந்த வகை மாத்திரையை நாமாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது, துடிப்பும் பிபியும் சேர்ந்து எகிறும். வெளியூர் போகும்போது கைப்பையில் ஒரு மாத்திரை அட்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.