கேளுங்கள், சொல்கிறேன்: தாத்தா பெயருக்குப் பின்னால் ஒரு கவுண்டர்

போன மாதம் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில், கொங்கு வேளாளர்களிடம் 'கூட்டம்' என்று ஒன்று உண்டு, ஒரே கூட்டத்துக்காரர்கள் அண்ணன் தம்பி முறை, அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள் என்று இரண்டு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. பாதிக்கு மேல் நம்ம மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துக் கடிதங்கள். சரி, இந்த மாதம் முழுக்க இதையே பேசிவிடுவோம், கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

ஐயா, என் மாமனார் பிறப்புப் பத்திரத்தில் அவருடைய அப்பா பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று இருக்கிறது. மகனுக்கு ஈப்போவில் பெண் பார்த்தோம். 'நீங்க என்ன கூட்டம், எந்தக் கோயில்?' என்று கேட்டார்கள். நாங்கள் எல்லோரும் முழித்தோம். கூட்டத்தை எங்கே போய்த் தேடுவது?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அம்மா, முதலில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன். கவுண்டர் என்று இருப்பதால் மட்டும் நீங்கள் கொங்கு வேளாளர் ஆகிவிட மாட்டீர்கள். அது ஒரு பட்டம். சேலம், தருமபுரி, வட ஆற்காட்டுப் பக்கம் வன்னியர்களும் கவுண்டர்தான். வேட்டுவக் கவுண்டர் இருக்கிறார்கள், குறும்பக் கவுண்டர், ஊராளிக் கவுண்டர் என்று இன்னும் பலர். கூட்டம் என்ன என்று ஈப்போக்காரர்கள் கேட்டார்கள் என்றால் அவர்கள் உங்களைக் கொங்கு வேளாளர் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அது சரியா என்று பார்க்கவேண்டியது உங்கள் வேலை.

அதனால் பட்டத்தை விட்டுவிட்டு ஊரைப் பிடியுங்கள். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து ஆள் ஏற்றி வந்த ராஜுலா கப்பலில் வந்தவர் என்றால் பழைய பாஸ்போர்ட் எங்காவது தகரப் பெட்டியில் கிடக்கும், அதில் கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் இருக்கும். அது இல்லையென்றால் ஊரிலிருந்து வந்த நீலக் கலர் ஏரோகிராம் கடிதம், அனுப்பியவர் முகவரி பின்பக்கத்தில். அதுவும் கரையான் தின்றுவிட்டது என்றால் பழைய மொய் நோட்டைத் தேடுங்கள். சிரிக்காதீர்கள், மொய் நோட்டைப் போல ஒரு சாட்சி கிடையாது, இன்னார், இன்ன ஊர், இத்தனை வெள்ளி என்று எழுதிவைத்திருப்பார்கள். கங்காணிமார் தங்கள் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் திரட்டினார்கள், 1938-இல் இந்திய அரசு தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை அதுதான் நடப்பு. ஆகவே உங்கள் தாத்தாவோடு தோட்டத்துக் குடியிருப்பு வரிசையில், அதாவது ஒரே லயத்தில் இருந்தவர்களின் ஊர் தெரிந்தால் தாத்தாவின் ஊர் ஐந்து மைலுக்குள் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஜில்லா பெயரைப் பார்க்கும்போது மட்டும் கவனம். பழைய பத்திரத்தில் 'சேலம் ஜில்லா, திருச்செங்கோடு தாலுகா' என்று இருந்தால் இன்றைக்கு அது நாமக்கல் மாவட்டம், 1997-இல் பிரிந்தது. 'கோயமுத்தூர் ஜில்லா, ஈரோடு தாலுகா' என்பது 1979-இலிருந்து தனி மாவட்டம். கரூர் 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது, திருப்பூர் 2009-இல் வந்தது. இந்த ஊர்கள் எல்லாம் கொங்குப் பக்கம். பத்திரத்தில் வட ஆற்காடு என்று இருந்தால், பெரும்பாலும் ஈப்போக்காரர்களின் கேள்வியே உங்களுக்குப் பொருந்தாது.

ஊர் கிடைத்த பிறகுதான் கோயில். ஒவ்வொரு கூட்டத்துக்கும் 'காணி' உண்டு, அதாவது அவர்கள் முதலில் குடியேறி உரிமை பெற்ற ஊர், அங்கே ஒரு குலதெய்வக் கோயில். எழுமாத்தூர் என்றால் பனங்காடைக் கூட்டம், மோரூர் என்றால் கண்ணன் கூட்டம், காங்கேயம் பழையகோட்டை என்றால் பயிரன் கூட்டம். 1805-இல் சங்ககிரியில் வெள்ளைக்காரன் தூக்கிலிட்ட தீரன் சின்னமலை இந்தப் பயிரன் கூட்டத்துக்காரர்தான். ஒரு கூட்டத்துக்குப் பல காணி இருக்கும், ஒரே கோயிலைப் பல கூட்டம் கும்பிடுவதும் உண்டு, அதனால் கோயில் தெரிந்தவுடன் துள்ளிக் குதிக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் முடி எந்தச் சாமி பெயரைச் சொல்லி எடுத்தார்கள், அதைக் கேளுங்கள். கோயில் தெரிந்தால் அங்குள்ள பூசாரியிடம் விசாரிக்கலாம், கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி வாங்குகிறவர்களிடம் குடும்பக் கணக்கு சுத்தமாக இருக்கும்.

எங்கள் பாட்டி தினமும் விளக்கேற்றும்போது 'செல்லாண்டியாத்தா' என்று முணுமுணுப்பாள். தோட்டத்தில் இருந்ததோ மாரியம்மன் கோயில். சின்ன வயதில் எனக்கு அது பாட்டி எங்களைத் திட்டுகிற வார்த்தை என்றுதான் நினைப்பு, ஏனென்றால் பாலைக் கொட்டினாலும் அதையேதான் சொல்வாள். நாற்பது வயதுக்கு மேல்தான், கரூருக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில், சேர சோழ பாண்டிய நாடுகளுக்கு எல்லை என்று சொல்லப்படுகிற மதுக்கரையில் ஒரு செல்லாண்டியம்மன் இருக்கிறாள் என்று தெரிந்தது. அங்கிருந்து கூட்டத்தைப் பிடிக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது.

அதுவரை ஈப்போக்காரர்களிடம் என்ன சொல்வது? 'எங்களுக்குத் தெரியாது, ஊரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று நேராகச் சொல்லுங்கள். தயவுசெய்து யாரோ சொன்ன கூட்டத்தை எடுத்துச் சொருகிவிடாதீர்கள். அவர்கள் கேட்பது பெருமைக்காக இல்லை, நீங்கள் பங்காளியாக இருந்து தொலைத்துவிட்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை ஆகிவிடுமே என்ற பயத்தில்.

ஐயா, நாங்கள் ஆந்தைக் கூட்டம். பள்ளியில் என் பையனை 'ஆந்தை ஆந்தை' என்று கிண்டல் செய்கிறார்கள். மாற்றிச் சொல்லலாமா?
— ஒரு தகப்பன், தெலுக் இந்தான்

மாற்ற வேண்டாம். இந்த ஆந்தை இரவில் கத்துகிற ஆந்தையாக இருக்கவேண்டிய கட்டாயமே இல்லை. ஆதன் என்ற பெயரோடு தந்தை சேர்ந்தால் 'ஆந்தை' என்று ஆகும், பூதனோடு சேர்ந்தால் 'பூந்தை' என்று தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. ஆதனுக்குத் தந்தை ஆந்தை, சாத்தனுக்குத் தந்தை சாத்தந்தை. சாத்தந்தைக் கூட்டமும் கொங்குப் பக்கம் உண்டே. புறநானூறு 71-ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தன் நண்பர்கள் பெயரை அடுக்குகிறான், அதில் ஆந்தை ஒருவன், அந்துவஞ்சாத்தன் ஒருவன். அந்துவன் கூட்டமும் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பாண்டியனின் நண்பர் பேரன் நான் என்று கிளம்பிவிடாதீர்கள். பெயர் பழையது என்பதுதான் இதில் தெரிகிறது, ரத்தம் தெரியவில்லை. பையனிடம் ஆதன் கதையைச் சொல்லிக்கொடுங்கள், போதும். காடைக் கூட்டத்துக்காரர்களுக்குத்தான் நான் இப்படி ஒரு உதவி செய்ய முடியாது, காடை என்றால் காடைதான்.

அண்ணே, தம்பி கல்யாணத்தை ஐயர் இல்லாமல் நம் வழக்கப்படி சீர் செய்து நடத்தவேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நிற்கிறார். அருமைக்காரர் வேண்டுமாம். அது யார்? இங்கே எங்கே கிடைப்பார்?
— ஒரு சகோதரி, கோலகங்சார்

அருமைக்காரர் என்றால் கல்யாணச் சீர்களை முன்நின்று நடத்துகிற பெரியவர், உங்கள் சொந்தத்திலேயே ஒருவர். மனைவி மக்களோடு வாழ்கிறவராக இருக்கவேண்டும், அதற்கென்று உள்ள சீரைத் தானும் செய்துகொண்டவராக இருக்கவேண்டும். பெண்கள் பக்கத்துக்கு அருமைக்காரி. தாலி கட்டுவது வரை இவர்கள் கையில்தான். இங்கே அப்படிச் சீர் செய்துகொண்டவர்கள் ரொம்பக் குறைவு, அதனால் ஊரிலிருந்து ஒரு தம்பதியை வரவழைக்கிறார்கள், டிக்கெட் செலவு உங்களுடையது.

ஆனால் தங்கச்சி, மாமா சொல்வதில் உனக்குத்தான் பெரிய பங்கு இருக்கிறது, அதை யாரும் உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. 'இணைச்சீர்' என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவனோடு சேர்ந்து நின்று செய்கிற சீர். பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலை அன்றைக்கு முதலில் அவள் கைக்குத்தான் போகும். நாளைக்கு இவனுக்குப் பெண் பிறந்தால் என் மகனுக்குக் கேட்பேன் என்ற உரிமை அதில் இருக்கிறது என்பார்கள். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் குறைந்துவிட்ட காலத்தில் அந்த உரிமைக்கு அர்த்தம் இல்லாமல் போகலாம், ஆனாலும் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பந்தல் நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, இவள் இல்லாமல் இவனுக்குக் கல்யாணம் இல்லை என்று சொல்கிற சீர் எனக்கு எப்போதுமே பிடிக்கும். அருமைக்காரர் கிடைக்காவிட்டாலும் இதை விட்டுவிடாதே. உடன்பிறந்தவள் இல்லாத வீட்டில் சித்தப்பா, பெரியப்பா மகள் நிற்பாள்.

அப்புறம் மங்கல வாழ்த்து. கம்பர் பாடிக்கொடுத்தது என்று சொல்லிக்கொள்கிற நீளமான பாட்டு, கல்யாணச் சடங்கு மொத்தத்தையும் வரிசையாகச் சொல்லும். அதைப் பாடுகிறவர் குடிமகன் என்று அழைக்கப்படும் நாவிதர். பாட்டு அவர் வாயில், பந்தி மட்டும் அவருக்குக் கடைசியில் என்று இருந்தது அந்தக் காலம். இன்று யாரையாவது அழைத்துப் பாடச் சொன்னால் முதல் பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள்.

முகூர்த்தக்காலுக்குப் பால் வடியும் மரத்துக் கொம்பு வேண்டும் என்பார்கள். எங்கள் சித்தப்பா கல்யாணத்தில் லயத்துப் பெரியவர் ஒருவர் நேராக ரப்பர் மரம் நிற்கிற மலைக்காட்டுக்குப் போய் ஒரு ரப்பர் கொம்பை வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். இது செல்லாது என்று ஒரு கட்சி. "நம்ம சோறே இந்தப் பாலில்தானே வருது, இதைவிடப் பால்மரம் எதுடா?" என்று அவர். கடைசியில் அந்தக் கொம்பைத்தான் நட்டார்கள், தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணிக்குத் தெரியாமல்.

அண்ணே, தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் ஒன்றாகத்தான் நின்றோம். இப்போது போய்க் கூட்டம், குலம் என்று கிளறுவது சாதியை வளர்ப்பதாகாதா?
— ஒரு வாசகர், பீடோர்

தம்பி, பெரட்டில் ஒன்றாக நின்றோம், வீட்டுக்குத் திரும்பியது தனித்தனி லயத்துக்கு. சாதி பார்த்து லயம் பிரித்துக் கொடுத்த தோட்டங்கள் உண்டு, கோயில் வாசலில் இன்னார் இதுவரை வரலாம் என்று கோடு கிழித்த தோட்டங்களும் உண்டு. அதை மறைத்துவிட்டு ஒற்றுமையாக இருந்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆக நீ கேட்பது நியாயமான கேள்வி. தாத்தா எந்த ஆற்றங்கரையிலிருந்து வந்தார், என்ன பயிர் வைத்தார், என்ன சாமி கும்பிட்டார் என்று ஒரு பேரன் தேடினால் நான் உதவுவேன். மகள் விரும்பிய பையனை வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும், கூட்டம் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று இதே கட்டில் இரண்டு கடிதம் இருக்கிறது. அவற்றுக்குப் பதில் கிடையாது.

ஐயா, எங்கள் வீட்டில் கிளை அம்மா வழியாக வருகிறது என்கிறாள் பாட்டி. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். பாட்டிக்கு ஞாபகம் தப்பிவிட்டதா?
— ஒரு மாணவி, சுங்கை சிப்புட்

பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கிளை என்பதும் கூட்டம் மாதிரி ஒரு குலப் பிரிவுதான். கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை தாய் வழிதான், நாங்குடி வேளாளர்களிடமும் அப்படியே. அம்மா என்ன கிளையோ அதுதான் பிள்ளைக்கும், அப்பா வேறு கிளையாக இருப்பார். உங்கள் தாத்தா ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கமா என்று பாட்டியிடம் கேட்டுப் பார்.

ஐயா, தோட்டத்தை விற்றுவிட்டார்கள், எங்கள் கோயிலைப் பக்கத்துத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு மாற்றுகிறோம். அதில் ஊர்க் குலதெய்வத்தையும் வைக்கலாமா?
— கோயில் நிர்வாகத்தில் ஒருவர், சுங்கை சிப்புட் வட்டாரம்

வைக்கலாம். பிடிமண் எடுத்து வருவது பழைய வழக்கம்தான். ஊர்க் கோயிலில் சாமியிடம் உத்தரவு கேட்டு, அங்கிருந்து ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவந்து, புது இடத்தில் போட்டு அதன்மேல் கல்லை வைப்பார்கள். ஊர்விட்டு ஊர் போன குடியானவர்கள் எல்லோரும் இப்படித்தான் சாமியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விமானத்தில் மண் கொண்டுவருவதற்குக் கட்டுப்பாடு இருக்கும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், சாமியைச் சுங்கத்தில் பறிகொடுக்க வேண்டாம்.

ஒன்று மட்டும். அது உங்கள் ஒரு குடும்பத்துச் சாமி. தோட்டத்து மாரியம்மன் எல்லோருக்கும் பொது, ரப்பர் பால் வெட்டுக்காரர் ஒவ்வொருவரும் சம்பளத்தில் பிடித்துக் கட்டின கோயில் அது. குலதெய்வத்துக்கு ஓர் ஓரத்தில் கல் வையுங்கள். கல்வெட்டில் உங்கள் கூட்டத்துப் பெயரைப் பெரிதாகப் போட்டால் அடுத்த திருவிழாவுக்குள் கோயில் இரண்டாகும், பார்த்திருக்கிறேன்.

தாத்தா, பட்டிப் பொங்கல் என்றால் என்ன? எங்களிடம் மாடு இல்லையே.
— ஆறாம் வகுப்பு மாணவன், சுங்கை சிப்புட்

கொங்குப் பக்கம் மாட்டுப் பொங்கலை அப்படிச் சொல்வார்கள், பட்டி என்றால் மாடு கட்டுகிற இடம். பட்டியில் சாணத்தால் கரை கட்டி, குட்டித் தெப்பக்குளம் செய்து தண்ணீர் ஊற்றி, பொங்கல் வைத்து, மாட்டை அதைத் தாண்டவைத்து, தட்டைத் தட்டிக்கொண்டு 'பட்டி பெருக, பால் பானை பொங்க' என்று கத்திக்கொண்டே சுற்றி வருவார்கள். அதற்கு முன்பே வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வீட்டுக் கூரையில் காப்புக் கட்டியிருப்பார்கள். தோட்டத்தில் நாங்கள் மாடு வளர்த்த காலத்தில் இதெல்லாம் உண்டு, மாலை கட்ட ஆவாரம்பூ கிடைக்காமல் செம்பருத்தியைக் கட்டுவோம்.

இப்போது என் வீட்டிலும் மாடு இல்லை. போன பொங்கலுக்கு என் பேரன் வாசலில் நின்ற பழைய மோட்டார்சைக்கிளுக்கு மாலை போட்டுவிட்டு, தட்டைத் தட்டிக்கொண்டு 'பட்டி பெருக, பட்டி பெருக' என்று வண்டிகளைச் சுற்றி வந்தான். வேண்டாமடா என்றேன். இருக்கிற மூன்று வண்டிக்கே நான்தான் ரோட் டெக்ஸ் கட்டுகிறேன்.