ஆட்டுச் சப்பை எலும்பில் ஆரம்பியுங்கள்

வரலாறு: வாசகர் கேள்வி – பதில்

*கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் சாயங்காலம் படிவம் 1 பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிற, தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளைகள். செஜாரா (வரலாறு) பாடத்தில் மெசொப்பொத்தேமியா, எகிப்து, சிந்துவெளி வரைக்கும் எப்படியோ ஓடிவிடுகிறது. சீனாவின் ஹுவாங் ஹோ நாகரிகம் வந்ததும் முகம் வாடிப்போகிறது. பெயர் வாயில் நுழையவில்லை, எல்லா அரசமரபும் ஒன்றுபோலவே இருக்கிறது என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? — ஓர் ஆசிரியை*

டீச்சர், முதல் இரண்டு வகுப்புக்கு அரசமரபுப் பட்டியலைப் பலகையில் எழுதவே வேண்டாம். சியா, ஷாங், ஜோவ், சின், ஹான் என்று வரிசையாக எழுதிப்போட்டால் பெரியவர்களுக்கே தூக்கம் வரும். டவுனில் ஆட்டிறைச்சி விற்பவரிடம் சொல்லிவைத்து ஒரு சப்பை எலும்பு வாங்குங்கள். முன்னங்காலுக்கு மேலே அகலமாக, தட்டையாக இருக்குமே, அதுதான். நன்றாகக் கொதிக்கவைத்து, ஒட்டியிருக்கிற சதையைச் சுரண்டி, வெயிலில் காயவைத்து வகுப்புக்குக் கொண்டுபோங்கள். பிள்ளைகள் கைமாற்றிப் பார்க்கட்டும். ஒரு பக்கம் மட்டமாக இருக்கும், மறுபக்கம் நடுவில் ஒரு முகடு ஓடும். வெளிச்சத்தில் பிடித்தால் சில இடத்தில் எலும்பு எவ்வளவு மெல்லிசு என்று தெரியும். அப்புறம் கேளுங்கள்: எழுதுவதற்குத் தாள் இல்லாத காலத்தில் இதில் எழுத வேண்டுமென்றால் நீ என்ன எழுதுவாய்?

அவர்கள் பதில் சொல்லி முடித்த பிறகு கதைக்கு வாருங்கள். இன்றைக்கு ஹெனான் மாநிலத்தில் இருக்கிற அன்யாங், ஷாங் மன்னர்களின் கடைசித் தலைநகரம். சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே வூ திங் என்ற மன்னர் மாட்டின் சப்பை எலும்பிலும் ஆமையின் வயிற்று ஓட்டிலும் முன்னோர்களிடம் குறி கேட்டார். எலும்பின் பின்பக்கம் சிறுசிறு குழிகளைக் குடைந்து, அங்கே சூடு வைப்பார்கள். குழியில் எலும்பு மெல்லிசாக இருப்பதால் முன்பக்கம் படக்கென்று விரிசல் விடும். அந்த விரிசலைப் பார்த்து மன்னர் பலன் சொல்வார். கேட்ட கேள்வி, மன்னர் சொன்ன பலன், சில சமயம் கடைசியில் என்ன நடந்தது என்பதையும் அதே எலும்பில் செதுக்கிவைத்தார்கள். மழை வருமா, விளைச்சல் எப்படி, போருக்குப் போகலாமா, இந்தப் பல்வலி எந்த முன்னோரின் கோபத்தால் வந்தது, எல்லாம் கேட்டிருக்கிறார்கள். நம் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதைக் கண்ட பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க நீங்கள் பாடுபடவே தேவையில்லை. (வகுப்பில் எலும்பைச் சுட்டுப் பார்க்காதீர்கள், நாற்றமும் தாங்காது, தெறித்தால் ஆபத்தும்கூட.)

ஓர் எலும்பை மட்டும் முழுசாகச் சொல்லுங்கள். வூ திங்கின் அரசியரில் ஒருவர் ஃபூ ஹாவ். அவருக்குப் பிரசவம் நல்லபடியாக நடக்குமா என்று கேட்கிறார்கள். மன்னர் விரிசலைப் பார்த்து, இன்ன நாளில் பிறந்தால் நல்லது, இன்ன நாளில் பிறந்தால் ரொம்ப நல்லது என்கிறார். 31 நாள் கழித்து வேறொரு நாளில் குழந்தை பிறக்கிறது. 'நல்லதாக இல்லை, பெண்' என்று செதுக்கியிருக்கிறார்கள்.

வகுப்பில் இருக்கிற பெண்பிள்ளைகள் கட்டாயம் கோபப்படுவார்கள். படட்டும். அந்தக் கோபம் அடங்குவதற்குள் அடுத்ததைச் சொல்லிவிடுங்கள்: இதே ஃபூ ஹாவ் படைத்தலைவி. 13,000 பேர் கொண்ட படையோடு அவர் போருக்குப் போவதைப் பற்றி இன்னோர் எலும்பு பேசுகிறது. அவருடைய கல்லறையை 1976இல் கண்டுபிடித்தார்கள், கொள்ளைபோகாமல் அப்படியே இருந்தது. நானூற்றுக்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்கள், ஏறக்குறைய 7,000 சோழிகள், அவர் பெயர் பொறித்த பெரிய போர்க்கோடரிகள். கூடவே, அவரோடு பலியிடப்பட்ட 16 மனிதர்களும். கடைசியாகச் சொன்னதைச் சிலர் மறைத்துவிடுவார்கள், பிள்ளைகள் பயந்துபோவார்கள் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. பதின்மூன்று வயசுக்கு இது தாங்கும், மறைத்துச் சொல்கிற நாகரிகம் பிள்ளைகள் மனதில் பொம்மையாகத்தான் நிற்கும். பெண் பிறந்ததை 'நல்லதில்லை' என்று எழுதிய அதே அரண்மனை ஒரு பெண்ணிடம் படையைக் கொடுத்தது எப்படி என்று அவர்களே விவாதிக்கட்டும், நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இந்த எலும்புகள் எப்படிக் கிடைத்தன என்பதையும் விட்டுவிடாதீர்கள். சீன மருந்துக்கடைகளில் 'டிராகன் எலும்பு' என்று இவற்றைப் பொடித்து மருந்துக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். 1899இல் பெய்ஜிங்கில் வாங் யீரோங் என்ற அறிஞர்தான் அதில் இருப்பது பழைய எழுத்து என்று கண்டுகொண்டார். அவர் காய்ச்சலுக்கு மருந்து வாங்கும்போது பார்த்தார் என்று ஒரு கதை உலாவுகிறது, அதற்கு உறுதியான சான்று கிடையாது, அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முறையான அகழாய்வு 1928இல் தொடங்கியது. எத்தனை எலும்பு அதற்குள் கஷாயமாகிப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இன்னொன்று, டவுன் கடைத்தெருவில் அவர்கள் தினமும் பார்க்கிற சீனப் பெயர்ப்பலகை எழுத்தின் மூதாதை இதுதான். சீனப்பள்ளியிலிருந்து வந்த ஒரு தோழனிடம் மலை, நிலா, மழை என்று மூன்றை எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள், எலும்பில் இருக்கிற வடிவத்தைப் பக்கத்தில் நீங்கள் வரைந்து காட்டுங்கள். இது பாடத்துக்கு மட்டுமில்லை. ஒரே வகுப்பில் ஐந்து வருஷம் படித்தும் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள், இந்தச் சாக்கிலாவது பேசட்டும்.

ஆற்றுக்கு ஒரு வகுப்பு போதும். மழை பெய்து முடிந்ததும் கால்வாய்த் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து மேசைமேல் வையுங்கள், பாடம் முடிவதற்குள் அடியில் சேறு படிந்திருக்கும். மஞ்சள் ஆறு, அதாவது ஹுவாங் ஹோ, வடமேற்கிலிருக்கும் மேட்டுநிலத்தில் காற்று கொண்டுவந்து குவித்த மென்மையான மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. அணைகளும் மரநடவும் பெருகுவதற்கு முன்னால் ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் மண்ணைச் சுமந்தது. சமவெளிக்கு வந்து வேகம் குறைந்ததும் அந்த மண் அடியில் படியும், ஆற்றுப்படுகை உயரும், மக்கள் கரையை உயர்த்துவார்கள், படுகை இன்னும் உயரும். இப்படியே போய் ஊரைவிட உயரத்தில் ஆறு ஓடுகிற நிலை வந்துவிட்டது. கரை உடைந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். 1855இல் ஆறு தடம் மாறி, ஷான்டோங் தீபகற்பத்துக்குத் தெற்கே கடலில் கலந்துகொண்டிருந்தது வடக்கே போய்விட்டது. விளைச்சல் கொடுத்ததும் வீட்டை அடித்துக்கொண்டு போனதும் ஒரே மண்தான், இது புரிந்துவிட்டால் 'நாகரிகம் தோன்றக் காரணம்' என்ற கேள்விக்கு மனப்பாடம் தேவையில்லை.

அரசமரபு அப்புறம் வரட்டும். ஒவ்வொன்றையும் ஒரு சங்கதியோடு கட்டிவிடுங்கள். ஷாங்குக்கு எலும்பு. ஜோவுக்கு வானத்தின் ஆணை, அதாவது மன்னன் கெட்டவனானால் வானம் ஆட்சியைப் பறித்து வேறொருவனுக்குக் கொடுக்கும் என்று, கி.மு. 1046 வாக்கில் ஷாங்கை வீழ்த்தியவர்கள் சொன்ன நியாயம். சின்னுக்கு ஒரே எழுத்து, ஒரே எடை, வண்டி அச்சுக்கு ஒரே அகலம். ஹானுக்குத் தாள். எல்லாவற்றையும் தமிழில் பேசுங்கள், தமிழில் சண்டை போடட்டும், கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் மலாயில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். தேர்வு மலாயில்தான், படிவம் 5 முடிவில் எழுதுகிற எஸ்பிஎம் தேர்வில் 2013 முதல் செஜாரா கட்டாயத் தேர்ச்சிப் பாடம், அதை மறக்க முடியாது. ஆனால் புரிந்த விஷயத்துக்கு மலாய்ச் சொல் தேடுவது சுலபம், புரியாததை மலாயில் மனப்பாடம் செய்வதுதான் பிள்ளைகளைக் கொல்கிறது.

*கேள்வி: நம் பிள்ளைகளுக்கு ராஜேந்திர சோழனைப் பற்றியே சரியாகத் தெரியாது. சீனாக்காரர் வரலாறு எதற்கு ஐயா? — ஒரு தகப்பனார், தோட்டத்து லாரி ஓட்டுநர்*

அண்ணே, உங்கள் ஆதங்கம் நியாயம்தான். ஆனால் ராஜேந்திரனைப் பற்றி ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்றாலே சீனப் பதிவுகள் வேண்டும். 1025இல் அவர் படை போன கடாரம் நம் கெடாதான், தஞ்சைக் கோயில் கல்வெட்டில் பெயர் இருக்கிறது. அதற்கு முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னால் அந்தக் கெடா எப்படியிருந்தது என்று யார் எழுதிவைத்தார்கள்? யீ ஜிங் என்ற சீனத் துறவி. 671இல் குவாங்சோவிலிருந்து கப்பலேறி, ஸ்ரீவிஜயத்தில் தங்கி, கெடா வழியாக இந்தியாவுக்குப் போனவர். சோழர் தூதுக்குழு 1015இல் சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்ததும் சீன ஏட்டில்தான் பதிவாகியிருக்கிறது.

சீனத்துத் துறைமுகம் சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, அங்கே தமிழ் வணிகர்கள் சிவனை எழுந்தருளச் செய்தார்கள். மலாக்கா பாடத்தில் வருகிற அதே சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409இல் இலங்கைக்கென்று செதுக்கிய கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன, தமிழ்ப் பகுதி இலங்கைத் தெய்வமான தேனவரை நாயனாரைப் போற்றுகிறது. இவையெல்லாம் பண்டைக் காலம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி, ஹான் காலத்து நூலில் ஹுவாங்சி என்றொரு தொலைதூர நாடு வருகிறது, அது காஞ்சிபுரம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள், அடித்துச் சொல்ல முடியாது. மகனுக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள், ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டாம்.

*கேள்வி: சுடுமண் வீரர்கள் எல்லாருக்கும் வேறு வேறு முகமாமே, உண்மையா சார்? — படிவம் 1 மாணவன்*

தம்பி, சீனாவின் முதல் பேரரசர் கல்லறைக்குக் காவலாகச் செய்துவைத்த மண் சிலைகள் அவை. உடல் பாகங்களைத் தனித்தனியாகச் செய்து சேர்த்திருக்கிறார்கள். முகத்துக்கு அச்சு உண்டு, ஆனால் காது, மீசை, முடி, புருவம் எல்லாம் கையால் வேலைசெய்து முடித்ததால் ஒருவரைப் போல இன்னொருவர் இல்லாமல் தெரிகிறது. 1974இல் சீ-ஆன் பக்கத்தில் விவசாயிகள் கிணறு வெட்டும்போது கிடைத்தது, மொத்தம் சுமார் 8,000 இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். இன்னொரு சேதி உனக்குப் பிடிக்கும்: அவர்கள் சாம்பல் நிறத்தில் இல்லை. சிவப்பு, பச்சை, ஊதா என்று வண்ணம் பூசியிருந்தார்கள், மண்ணை விட்டு வெளியே எடுத்ததும் சில நிமிஷத்திலேயே காய்ந்து உரிந்துவிட்டது. முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் கி.மு. 210இல் இறந்தார், அவர் படுத்திருக்கிற நடுமேட்டை இதுவரை யாரும் திறக்கவில்லை. உள்ளே பாதரச ஆறுகள் ஓடவிட்டதாக நூறு ஆண்டுக்குப் பிறகு சிமா சியான் என்ற வரலாற்றாசிரியர் எழுதினார். மேட்டு மண்ணைச் சோதித்ததில் பாதரசம் வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது.

*கேள்வி: போதிதர்மர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர்தானே? என் பையன் கட்டுரையில் எழுதியதற்கு ஆசிரியர் சான்று கேட்டாராம். — ஒரு தாய், பட்டணத்துத் தையற்கடை*

அக்கா, ஆசிரியர் கேட்டது சரி. போதிதர்மரைப் பற்றிக் கிடைக்கிற மிகப் பழைய குறிப்பு 547ஆம் ஆண்டுச் சீன நூலில் இருக்கிறது, அது அவரைப் பாரசீகர் என்கிறது. அடுத்த பழைய குறிப்புதான் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. பல்லவர், காஞ்சி என்பதெல்லாம் பிற்காலத்தில் சேர்ந்தவை. குங்ஃபூ சொல்லிக்கொடுத்தார் என்பதும் அப்படித்தான், அது பல நூற்றாண்டு கழித்து வந்த கதை. 'தென்னிந்தியர் என்று ஒரு பழைய மரபு சொல்கிறது' என்று பையன் எழுதட்டும், அதுவே பெருமைதான். அவர் வாழ்ந்தது ஹான் ஆட்சி முடிந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டு கழித்து என்பதையும் சொல்லிவையுங்கள், படிவம் 1 பாடத்தில் வருகிற பண்டைய சீனாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப் போகிறான்.

*கேள்வி: மீ (நூடுல்ஸ்) முதலில் எங்கே செய்தார்கள்? — அதே சாயங்கால வகுப்பு மாணவி*

மிகப் பழைய மீ என்று 2005இல் அறிவிக்கப்பட்டது சீனாவின் சிங்ஹாய் மாநிலத்தில், மஞ்சள் ஆற்றங்கரையில் இருக்கிற லாஜியா என்ற இடத்தில் கிடைத்ததுதான். நிலநடுக்கமும் வெள்ளமும் அழித்துவிட்ட ஊர் அது. அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்தைத் தூக்கினால், அடியில் மெல்லிய மஞ்சள் மீ, சுமார் 4,000 ஆண்டு பழையது. கிண்ணம் கவிழ்ந்து மண் மூடிக்கொண்டதால் காற்றுப்படாமல் தப்பியது. கோதுமை மாவு இல்லையம்மா, தினை மாவு என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். தினை மாவில் பசை கிடையாது, அதை இவ்வளவு நீளமாக இழுக்க வராது என்று வேறு சிலர் மறுத்தார்கள். வீட்டில் தினை மாவு கிடைத்தால் அம்மாவோடு சேர்ந்து இழுத்துப் பார்த்துவிட்டு, வந்ததா இல்லையா என்று எழுதிப் போடு.