படம் வரைவதைத் தொழிலாக்க வேலையை விடலாமா?

கேள்வி: ஆசைக்குப் பென்சிலில் உருவப்படம் வரைகிறேன். ஒருவர், பதிவுக் கட்டணம் கட்டினால் மாதாமாதம் ஆர்டர் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள், கட்டணமும் கட்டாதீர்கள். ஆர்டர் பிடித்துத் தருபவர் வந்த ஆர்டரில் கமிஷன் எடுத்துக்கொள்ளட்டும், அது நியாயம். முன்கூட்டியே பணம் கேட்பவருக்கு உங்களைப் போன்றவர்கள் கட்டும் கட்டணம்தான் வருமானம், ஆர்டர் வந்தாலென்ன வராவிட்டாலென்ன. "நாலு பேருக்கு உங்க பேர் தெரியும்" என்று சும்மா வரையச் சொல்லி வாங்கிக்கொள்கிறவர்களும் இதே ரகம். தயவுசெய்து ஏமாறாதீர்கள்.

சரி, நேர்மையான ஆர்டரே வருகிறது என்று வையுங்கள். இப்போது கண் சரியாக அமையும்வரை எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் உட்காருவீர்கள். காசு வாங்கிவிட்டால் அதே கண்ணை வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும், முடித்து அனுப்பினால் "மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்குங்க, அந்த மச்சம் வேண்டாம்" என்று பதில் வரும், அழுத்தி வரைந்த மச்சத்தை அழித்தால் தாளே தேய்ந்துவிடும். அப்புறம் தெளிவான போட்டோ கேட்டு வாங்குவது, பார்சல் கட்டுவது, பாக்கியைக் கேட்டுக்கேட்டு வாங்குவது. விலை சொல்லும்போது இந்த நேரத்தைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஆசையும் குறையலாம். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், வரைவதில் ஆர்வமுள்ள நர்சரிக் குழந்தைகள் சிலரிடம் பரிசு உண்டென்று முதலிலேயே சொல்லி வரையவைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் இவர்கள் வரைந்தார்கள். ஆனால் சொல்லாமல் கடைசியில் பரிசு கொடுக்கப்பட்டவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. அதனால் நீங்களாக வரைந்து வைத்திருப்பதை ஒருவர் விலைக்குக் கேட்டால் தாராளமாக விற்கலாம், அதில் கெடுதல் இல்லை, வரையும்போது அந்தப் பணம் உங்கள் மனதிலேயே இல்லையே. அவரே "என் தங்கைக்கும் இதே மாதிரி ஒன்று" என்றால் அது ஆர்டர், முன்னே சொன்ன தொல்லையெல்லாம் கூடவே வரும்.

வேலையை விட்டுவிட்டால், சம்பளச் சீட்டு இல்லையென்று வங்கிகள் கடன் கொடுக்க இழுத்தடிக்கவும் கூடும்.

வேலையில் இருந்துகொண்டே மாதம் ஒரு ஆர்டர் மட்டும் வாங்கிப் பாருங்கள். பாதிப் பணம் முன்னாலேயே, எத்தனை திருத்தம் என்பது எழுத்தில். ஆறு மாதத்தில் உங்களுக்கென்று ஒரு படம்கூட வரையவில்லை என்றால் அடுத்த ஆர்டரை ஏற்காதீர்கள்.