தமிழ்க் குறுஞ்செய்திக்கு ஏன் இரண்டு மடங்குக் காசு?

வணக்கம். சங்க உறுப்பினர்களுக்கு 60 எழுத்தில் அனுப்பிய தமிழ் எஸ்எம்எஸ்ஸுக்கு இரண்டு செய்திக்கான காசு பிடித்ததாகக் கேட்டிருந்தீர்கள். கணக்கு சரிதான். ஜிஎஸ்எம் என்னும் கைபேசித் தொழில்நுட்பத்தில் எஸ்எம்எஸ் பேச்சு போகும் வழியில் போவதில்லை. அழைப்பை ஏற்படுத்தும் சமிக்ஞைத் தடத்தில் போகிறது. அங்கே ஒரு செய்திக்கு 140 பைட்டுதான், அதாவது 1,120 பிட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு 7 பிட், அதனால் 160 கொள்ளும். தமிழுக்கு 16 பிட், ஆக 70தான். அதிலும் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படும்: ‘பொங்கல்’ கண்ணுக்கு 4, கணக்கில் 7! 70ஐத் தாண்டினால் துண்டுகளை இணைக்கும் குறிப்புக்கே 6 பைட்டு போய், துண்டுக்கு 67தான் மிஞ்சும். ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் பொதுவாக இதே நிலைதான். அப்புறம், எஸ்எம்எஸ் தரநிலையில் தமிழுக்கென 7 பிட் எழுத்து அட்டவணையும் இருக்கிறது. உங்கள் சேவையாளரிடம் அந்த வசதி உண்டா என்று அவசியம் கேளுங்கள்.